மூட்டு வாதம் என்று எழுதியது

1994 நவம்பர் 17, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர். மேஜைக்குப் பின்னால் டாக்டர் பாலசுப்பிரமணியம், சேலத்திலிருந்து வியாழன்தோறும் வருகிறவர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் மேனேஜர். எதிரே மர பெஞ்சில் மரியதாஸ். அதே பெஞ்சில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தும் அவர் தம்பி மனைவி மரியபுஷ்பம் உட்காரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலில், கால்களை ஆட்டியபடி, யாருக்காக இந்தக் கூட்டமோ அவன்: மரியதாஸின் தம்பி, டிரைவர் அருள்சாமி. மருந்து அலமாரிக்கு முன்னால் முக்காலியில் நான். அலமாரியின் கீழ்த்தட்டில் நோயாளி ரிஜிஸ்டர்கள் வருஷவாரியாக இருக்கும். 1985-ஆம் வருஷத்து ரிஜிஸ்டர் என் முதுகுக்கு நேரே இருந்தது.

என் பெயர் பெரியநாயகம். இருபத்தாறு வருஷமாக டிஸ்பென்சரி ரைட்டர். வாழப்பாடியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது இடம், தேதி, விளிப்பு, பிறகு பத்திக்கு ஒரு விஷயம் என்று கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நான் மாற்றியதில்லை. எழுதத் தெரியாதவர்கள் இந்த எஸ்டேட்டிலிருந்து அனுப்பிய கடிதங்களெல்லாம் என் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் கார்பன் வைத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அருள்சாமிக்கு நாற்பத்தொரு வயது. மங்களூர், பம்பாய் என்று காப்பி லோடு ஏற்றிப் போய் வந்தவன். வைகாசியில் பேச்சு குழறத் தொடங்கியது. ஆடியில் ஒருநாள், களத்தில் காயப்போட்டிருந்த காப்பிச் சாக்குகள் மீதே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, இந்தக் களமும் சேர்வராயன் மலையும் தன் பேருக்குப் பட்டாவாகிவிட்டது என்றான். ஆகஸ்டில் எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. என்று வந்தது. ரகசியம் என்றார்கள். ஒரே வாரத்தில், குழாயடியில் மற்ற பெண்கள் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் மரியபுஷ்பம் குடத்தை வைக்க முடிந்தது.

அன்றிலிருந்து அவனை வீட்டுக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவன் சுவரும் என் சுவரும் ஒன்று. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் மணி அடித்ததும் சுவரைத் தட்டுவான். கலெக்டருக்கு, கவர்னருக்கு, சில நாள் போப்பாண்டவருக்கும் கடிதம் சொல்லுவான். கிளியூர் அருவியை மனைவிக்கு எழுதி வைப்பதாக ஒரு கடிதம். தண்ணீர் வற்றும் மாதங்களுக்கு ஈடாக ஏற்காடு ஏரியும் சேர்த்தி. "எழுதிக்கிட்டீங்களா ரைட்டரய்யா?" என்பான். நான் இந்தப் பக்கம் சவரம் செய்துகொண்டே, "எழுதிட்டேன் அருளு" என்பேன்.

டாக்டர் பேசினார். இதை எச்.ஐ.வி.யே மூளைக்குள் போய்ச் செய்யலாம், அப்படியானால் தன் கையில் மருந்து இல்லை என்றார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் நாளாக நாளாகப் பேச்சுக் குறைந்து ஒடுங்கிப்போவார்கள். இவன் மலையையே தானம் செய்கிறான். இந்த ராஜா தோரணை வேறொன்றைக் காட்டுகிறது. சிபிலிஸ், நம்மவர்கள் கிரந்தி என்பார்களே, அது வருஷக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருந்து மூளையைப் பிடித்தால் இப்படி ஆகும். எச்.ஐ.வி.யும் கூட இருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கலாம். அதற்கு மருந்து உண்டு. இரண்டு வாரம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், நரம்பில் பெனிசிலின்.

"அப்ப டெஸ்ட் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுபோவுமே" என்றார் மேனேஜர்.

"எடுத்தாச்சுங்க. அதுதான் சிக்கலே."

ரத்தத்தில் சிபிலிஸ் லேசாக இருக்கிறது என்று வந்திருந்தது. எச்.ஐ.வி. இருக்கிறவர்களுக்கு அந்த டெஸ்ட் சில சமயம் இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டும். முதுகெலும்பிலிருந்து எடுத்த நீரில் அணுக்கள் கூடுதல். அதையும் எச்.ஐ.வி. தனியாகவே செய்யக்கூடும். அதே நீரில் சிபிலிஸ் டெஸ்ட் இல்லை என்கிறது. ஆனால் மூளையில் நோய் இருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இல்லை என்றுதான் சொல்லும். சந்தேகம் தீர்க்கும் இன்னொரு டெஸ்ட்டை மெட்ராசுக்கு அனுப்பினால் பதில் வர ஒரு மாதம்.

"காகிதம் மூணும் மூணு பக்கம் இழுக்குதுங்க. இப்ப எனக்கு வேண்டியது காகிதம் இல்ல. இவருக்கு முன்ன எப்பவாவது அந்த நோய் வந்துச்சா, ஊசி போட்டாங்களா, முழுசாப் போட்டாங்களா. அது தெரிஞ்சா போதும்."

சேலத்தில் அவருடைய நண்பர் ஒருவர் பார்க்கும் வார்டில் சனிக்கிழமை காலையில் ஒரு படுக்கை காலியாகிறது. எச்.ஐ.வி. என்றாலே எந்த வார்டிலும் முகம் சுளிக்கிறார்கள். சந்தேகம் என்று மட்டும் எழுதினால் தர மாட்டார்கள், பழைய கிரந்தி, அரைகுறை வைத்தியம் என்று ஆதாரத்தோடு எழுதினால் தருவார்கள். பிறகு அருள்சாமி பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் புண், உடம்பில் தடிப்பு, அதற்காக ஊசி, இப்படி ஏதாவது உண்டா?

அருள்சாமி கால் ஆட்டுவதை நிறுத்தினான். "அதெல்லாம் நமக்கு இல்லீங்க. மூட்டு வாதந்தான் வந்துச்சு. கம்பவுண்டர் ஐயாக்கண்ணு ஊசி போட்டாரு. ரிஜிஸ்டர்ல இருக்குது, ரைட்டரய்யாவைக் கேளுங்க. அவரு எழுத்து தப்பாதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, குனிந்து, ரிஜிஸ்டரை எடுத்தேன். தேடவே இல்லை, பக்கம் தானாகத் திறந்தது. படித்தேன்: "15-3-1985. அருள்சாமி, டிரைவர். மூட்டு வாதம். பெனிசிலின் ஊசி ஒன்று."

"ஒண்ணுதானா? அப்பறம் போடலியா?"

"ஒண்ணுதானுங்க."

"மூட்டு வாதக் காய்ச்சலுக்கும் அதே ஊசிதான் போடுவோம்" என்று டாக்டர் தனக்கே சொல்வதுபோலச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ரிஜிஸ்டரை மூடி அதன் இடத்தில் வைத்தேன். பெஞ்சிலிருந்து மரியதாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஒரு படிவத்தை மேஜையில் வைத்தார். தீராத நோய், வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். லைன் வீட்டைத் திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும். கொட்டச்சேட்டில் தன் வீட்டிலேயே தம்பியை வைத்துக்கொள்வதாக மரியதாஸ் சொன்னார். பின்னால் ஒரு அறை இருக்கிறது, ஜன்னல் கிடையாது, கதவுக்கு வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வேலையை முடித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை காலை வரை பார்க்கிறேன், வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் அன்றைக்கே போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். அருள்சாமி இறங்கி மேனேஜருக்குக் கை கொடுத்தான். "மனசுல வெச்சுக்காதீங்க சார். உங்களுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி தர்றேன், அடிவாரம், குளிரு இருக்காது." மேனேஜர் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

மரியபுஷ்பம் அவன் தோளைப் பிடித்து அழைத்துப்போனாள். சிறிது நேரத்தில் லைனில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்த 1985-இல் நடந்ததை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நோயாளி ரிஜிஸ்டரைச் சனிக்கிழமைதோறும் பங்களாவுக்கு அனுப்ப வேண்டும். அப்போதிருந்த மேனேஜர் அதைக் கிளப்பில் வைத்துப் படித்துச் சிரிப்பார் என்று பட்லர் சொன்னான். கிரந்தி என்று எழுதப்பட்ட ஒருவனை வேலையிலிருந்தும் நிறுத்தினார். அதற்குப் பிறகு கம்பவுண்டர் ஐயாக்கண்ணுவும் நானும் பேசி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அந்த நோய்க்கு வருகிறவர்களுக்கெல்லாம் மூட்டு வாதம். மருந்து ஒன்றே ஆனதால் ஸ்டாக் கணக்கிலும் உதைக்காது. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். நான்கு வருஷத்தில் அப்படிப் பன்னிரண்டு பேரை எழுதியிருக்கிறேன். அருள்சாமி ஒருவன். மரியதாஸ் ஒருவர், தம்பியை அன்று ஐயாக்கண்ணுவிடம் கூட்டிவந்ததும் அவர்தான்.

அருள்சாமிக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி என்று ஐயாக்கண்ணு சொல்லியிருந்தார். முதல் ஊசி போட்ட அடுத்த வாரம் அவன் லோடு ஏற்றிப் போய்விட்டான். திரும்பி வந்தபோது தடிப்பு மறைந்திருந்தது. கிரந்தி என்று எழுதியிருந்தால் மீதி இரண்டுக்கும் கூப்பிட்டிருப்போம், மனைவியையும் வரச்சொல்லி ஊசி போட்டிருப்போம், அதுதான் முறை. மூட்டு வாதத்துக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? 1987-இல் மரியபுஷ்பத்துக்கு ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை தவறியது. 1989-இல் இன்னொன்று செத்தே பிறந்தது. ஐயாக்கண்ணு அதற்கடுத்த வருஷம் இறந்துபோனார். அருள்சாமியின் நினைவில் இப்போது இருப்பது நான் எழுதிய எழுத்து மட்டும். ஆக, உண்மை தெரிந்து, அதைச் சொல்லும் நிலையில் இருப்பவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வாசலுக்கு வந்தார்.

மரியதாஸ் இப்போது கோயில் உபதேசியார், பங்குச் சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர். ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் நிற்பவர். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை.

"நேத்து ரிஜிஸ்டரை எடுத்தீங்களே, எனக்கு உசுரே இல்லீங்க" என்றார்.

"எனக்கும் அப்படித்தான்."

"எம் பொண்ணுக்குத் தை மாசங் கலியாணம். உங்களுக்கே தெரியும்."

"உங்களை யாரும் எழுதப் போறதில்ல."

"அவனை எழுதுனா போதுமுங்க. மூட்டு வாதம்னா என்னன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சுபோகும். அப்பறம் ரிஜிஸ்டரைப் பொரட்ட மாட்டாரா?" சுவர்ப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவன் எம் பொறப்புங்க. ஆனா புத்தி போயிருச்சு. எச்.ஐ.வி. எப்படியும் போகாது. போன ஒருத்தனுக்காக, நல்லா இருக்கற இத்தனை ஊட்டுல கல்லெறியோணுமா? நீங்க எழுதுன எழுத்து. அதை நீங்களே பொய்யின்னா, அப்பறம் நீங்க எழுதுனதுல எதை நம்பறது?"

அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே தெரியவில்லை. அந்தப் பதினொரு வீடுகளையும் எனக்குத் தெரியும். அவர்களில் நாலு பேருடைய பெண்களுக்கு வரன் பார்த்து எழுதிய கடிதங்களும் என் கைதான். வேலையை விட்டுப் போகச் சொன்னால் இந்த வீட்டையும் விட வேண்டும், எனக்கு மலைக்குக் கீழே யாரும் இல்லை. அவர் போன பிறகும் அதே இடத்தில் நின்றேன். சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"ரைட்டரய்யா, இன்னிக்கி யாருக்கு எழுதறோம்?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. அவன் திரும்பத் தட்டினான். பிறகு ரொம்பச் சாதாரணமான குரலில், பழைய அருள்சாமியின் குரலில், "கதவைத் தொறக்கச் சொல்லுங்க ரைட்டரய்யா. உள்ள இருட்டா இருக்குது" என்றான்.

பதினொரு மணிக்கு லைனுக்குப் பின்னால் துவைக்கும் கல்லருகே மரியபுஷ்பத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். பழ சீசனில் அவளை மட்டும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கடிதம் எழுதி அனுப்பிவிட்டு அவளுக்கு யாரோ சொல்லித் தெரியட்டும் என்று விடுவது சுலபம். இவ்வளவு காலமும் செய்தது அதைத்தான். ஆகவே முதலில் அவளிடம் சொல்வதென்று வந்திருந்தேன். தேதி, ஊசி, ஐயாக்கண்ணு, வழக்கம் என்று வரிசையாகச் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் ஈரத்துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப அந்த மூட்டு வலி?"

"மூட்டு வலி இல்லம்மா."

"மூணு மாசம் முழங்காலுக்கு எண்ணெ காச்சித் தேச்சனுங்க. நொச்சித் தழ பறிச்சாந்து ஒத்தடங் குடுத்தேன். காலை நீட்டி உக்காந்திருந்தாரு. இன்னுங் கொஞ்சம் மேலன்னாரு."

அவள் கல்லின் மேல் உட்கார்ந்தாள். துணியிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு புள்ளைகளும் இதுலதானுங்களா?"

"தெரியாதும்மா. இருக்கலாம். உன் ரத்தத்தையும் பாக்கோணும், அதுக்கும் சேத்துத்தான் எழுதறேன்."

"ரெண்டு தடவையும் குழிக்கு எடங் கேட்டு சாமியாருக்கு நீங்கதானே எழுதுனீங்க. என்ன காரணம்னு எழுதுனீங்க?"

நகலைப் பார்க்கத் தேவையில்லை. "ஆண்டவர் சித்தம்னு எழுதினேன்."

அவள் தலையை ஆட்டினாள். குழாய் பாதி மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது, எழுந்து போய் அதை மூடிவிட்டு வந்தாள்.

"இப்ப எழுதறதுல அப்பிடி எழுதாதீங்க" என்றாள். பிறகு, "ஊசி போட்டாப் புத்தி வருமுங்களா?"

டாக்டர் சொன்னதையே சொன்னேன். முழுவதும் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது, மேற்கொண்டு போகாமல் நிற்கலாம், பாதியாவது தெளியலாம். எச்.ஐ.வி. இருக்கத்தான் செய்யும்.

"பாதி போதுமுங்க. என்னையத் தெரிஞ்சா போதும். இதைக் கேக்கறதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்க. மலையை எனக்கு எழுதி வெக்கற ஆளுகிட்ட என்னத்தைக் கேக்கறது?"

டிஸ்பென்சரிக்குப் போகாமல் வீட்டிலேயே எழுத உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தையது நாலு பத்துக்கு வரும். இடம், தேதி, விளிப்பு. முதல் பத்தியில், நேற்று நான் படித்துக் காட்டிய பதிவு பொய் என்று எழுதினேன். அதை எழுத நாலு தாள் வீணானது. "தவறுதலாக" என்று ஒரு தாளில், "அன்றைய சூழ்நிலையில்" என்று இன்னொன்றில். கடைசியில், "அதை எழுதியவன் நான், பொய் என்று தெரிந்தே எழுதினேன்" என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் பத்தி: அருள்சாமிக்கு அன்று இருந்த புண், தடிப்பு, ஐயாக்கண்ணு சொன்ன மூன்று ஊசி, போட்ட ஒன்று. மூன்றாம் பத்தி: மரியபுஷ்பம், வயது முப்பத்தாறு, வைத்தியம் இல்லை, 1987, 1989. காரணம் என்று எதையும் எழுதவில்லை, நடந்ததை மட்டும் எழுதினேன்.

நாலாம் பத்திக்கு வந்தபோது சுவர் தட்டியது.

"ரைட்டரய்யா, கலெக்டருக்கு ஒண்ணு. எழுதறீங்களா?"

"எழுதறேன், சொல்லு அருளு."

அவன் சொல்லிக்கொண்டே போனான், மலைக்கு ரயில் விடுவது பற்றி. எல்லா ஸ்டேஷனிலும் காப்பி இலவசம். நான் என் நாலாம் பத்தியை எழுதினேன்: இதே பெயரில் இன்னும் பதினொரு பேர் உண்டு. அவர்கள் பெயரைக் கடிதத்தில் எழுத மாட்டேன். அடுத்த வியாழன் மேனேஜர் வருவதற்கு முன் நேரில் சொல்கிறேன், ஒவ்வொருவரையும் மனைவியோடு ஏதாவது காரணம் சொல்லி நீங்களே வரவழைத்துப் பார்க்க வேண்டும். மூட்டு வாதத்தின் பொருளை மேனேஜருக்குச் சொல்லாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றிச் சொல்வதானால் சொல்லலாம்.

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அனுப்பிருவீங்களா? போன தடவை அனுப்பலியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"இதை அனுப்பறேன்."

கையெழுத்துப் போட்டு, வார்டில் கேள்வி கேட்காமல் ஏற்கட்டும் என்று டிஸ்பென்சரி முத்திரையையும் வைத்தேன். கார்பன் வைக்கவில்லை. நகல் என் வீட்டில் இருந்தால் ஒருநாள் யாராவது படிப்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் நகல் இல்லாத கடிதம் இது ஒன்றுதான். உறைக்குள் வைத்து, பசை தடவி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக என் பெயரை எழுதினேன்.

மரியபுஷ்பம் வாசலில் நின்றிருந்தாள். அவள் பின்னால் கதவு திறந்திருந்தது, அருள்சாமி நிலைப்படியில் உட்கார்ந்து வெயிலில் கண் கூசிக்கொண்டிருந்தான். உறையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நாகலூர் நிறுத்தத்துக்கு இறங்கிப் போகும்போது எதிரே மரியதாஸ் வந்தார். உறையைப் பார்த்தார். வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஆனால் மேனேஜர் பங்களாவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவர் திரும்பியதைக் கண்டேன். தம்பியை இன்றைக்கே கொட்டச்சேட்டுக்கு அழைத்துப்போக அனுமதி கேட்கவா, முந்திக்கொண்டு என் மேல் புகார் சொல்லவா, தெரியவில்லை.

பஸ் பத்து நிமிஷம் தாமதம். கண்டக்டர் மூக்கன் படியில் தொங்கியபடி வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, யாருக்குங்க?"

"டாக்டர் பாலசுப்பிரமணியம். சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல அவரு கிளினிக்கு. இன்னிக்கே, அவரு கையில குடுக்கோணும்."

"நொம்ப அவசரமுங்களா?"

"ஒம்பது வருஷம் தாமதம்."

மூக்கன் புரியாமல் சிரித்து, உறையைத் தோல் பைக்குள் டிக்கெட் கட்டுக்களுக்கு அடியில் வைத்து, வாரை இழுத்து மாட்டினார். விசில் அடித்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பஸ் முதல் வளைவில் திரும்பியது.